ராஃபிள்ஸ் ஹோட்டல், சிங்கப்பூர்: எந்த ஆண்டுக்குத் திரும்புவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து வரும் உறவினர்களை லிட்டில் இந்தியாவுக்கும் வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் அழைத்துப் போன பிறகு நான் தவறாமல் கூட்டிப்போகும் இடம், பீச் ரோடும் பிராஸ் பாசா ரோடும் சந்திக்கும் மூலை. கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே மூன்றே மாடி உயரத்தில், வெள்ளை வெளேரென்று ராஃபிள்ஸ் ஹோட்டல் அங்கே நிற்கிறது. முன்னால் நின்றதும் சித்தப்பாவானாலும் சித்தப்பாவின் பேத்தியானாலும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பல ஆண்டுகளாக வாயால் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ராஃபிள்ஸ் என்பவர்தான் இந்த ஹோட்டலைக் கட்டினாரா?

இல்லை. ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் 1819-இல் இந்தத் தீவில் ஆங்கிலேயரின் வணிகத் துறைமுகத்தைத் தொடங்கியவர். 1826-இலேயே இங்கிலாந்தில் இறந்துவிட்டார். ஹோட்டல் திறந்தது 1887 டிசம்பர் 1. ஊரை நிறுவியவர் பெயரை ஹோட்டலுக்கு வைத்தார்கள், அவ்வளவுதான்.

ராஃபிள்ஸ் பெயர் வரும்போதெல்லாம் நான் இன்னொரு பெயரையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். அதே 1819-இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் வந்தவர் நாராயண பிள்ளை. புது ஊருக்கு வீடுகள் வேண்டும், வீட்டுக்குச் செங்கல் வேண்டும் என்று கண்டு, இங்கே முதல் செங்கல் சூளையைப் போட்டவர் அவர். சவுத் பிரிட்ஜ் ரோட்டிலுள்ள மாரியம்மன் கோயிலை 1827-இல் தொடங்கியவரும் அவர்தான்.

அப்படியானால் நிறுவியது யார்?

சார்க்கீஸ் சகோதரர்கள் என்ற ஆர்மீனியர்கள். பாரசீகத்தின் இஸ்ஃபஹான் நகரை ஒட்டிய ஆர்மீனியக் குடியிருப்பிலிருந்து கிளம்பி வந்தவர்கள். மார்ட்டின், டிக்ரன், அவியட், அர்ஷாக் என்று நான்கு பேர். பினாங்கின் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல், ரங்கூனின் ஸ்ட்ராண்ட் ஆகியவையும் இவர்கள் நடத்திய ஹோட்டல்களே. சிங்கப்பூரைக் கவனித்துக்கொண்டவர் டிக்ரன்.

தொடக்கத்தில் அவர்களிடம் இருந்தது கடலோரத்தில் ஒரு பழைய பங்களா, பத்து அறைகள். அந்த இடம் அல்சகோஃப் என்ற அரபு வணிகக் குடும்பத்துக்குச் சொந்தமானது. சகோதரர்கள் குத்தகைக்கு எடுத்தார்கள். ஆங்கிலேயர் பெயர், ஆர்மீனிய முதலாளி, அரபு நிலச் சொந்தக்காரர், ஹைனான் தீவிலிருந்து வந்த சீனச் சமையல்காரர்கள், வாசலில் சீக்கியக் காவலர். சிங்கப்பூரின் கதையை ஒரு கட்டடத்தை வைத்துச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

பீச் ரோடு என்கிறீர்கள். கடற்கரை எங்கே?

அரை கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஹோட்டல் திறந்த காலத்தில் வராந்தாவிலிருந்து பார்த்தால் எதிரே கடல். பிறகு கடலில் மண்ணைக் கொட்டி நிலமாக்கிக்கொண்டே போனார்கள். இன்று சன்டெக் சிட்டியும் மெரினா சென்டரும் நிற்கும் இடமெல்லாம் அப்போது தண்ணீர். சாலையின் பெயர் மட்டும் மாறவில்லை.

இப்போது நாம் பார்க்கும் பிரதான கட்டடம் எப்போது கட்டியது?

1899. பத்து அறைப் பங்களாவுக்குப் பக்கத்தில் 1890-இல் இரண்டு மாடிப் பகுதிகள், 1894-இல் பாம் கோர்ட் பகுதி என்று ஒட்டு ஒட்டாகத்தான் ஹோட்டல் வளர்ந்தது. பிறகு பழைய பங்களா இருந்த இடத்திலேயே இந்த மாளிகை எழுந்தது. வடிவமைத்தவர் ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்தின் ஆர். ஏ. ஜே. பிட்வெல். விக்டோரியா நினைவு மண்டபமும் இன்றைய குட்வுட் பார்க் ஹோட்டலும் அவர் கை வேலைதான்.

உள்ளே நுழைந்தால் மூன்று மாடி உயரத்துக்குத் திறந்த கூடம். உயரமான கூரை, ஆழமான வராந்தா, எதிரும் புதிருமாகக் கதவுகள். வெப்பத்தை எப்படி வெளியே அனுப்புவது என்று யோசித்துக் கட்டிய கட்டடம் அது. மின்விளக்கும் மின்விசிறியும் அன்றைக்குப் பெரிய புதுமை. அதுவரை கூரையிலிருந்து தொங்கும் பங்காவைக் கயிறு கட்டி ஓர் ஆள் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊர்க் கலெக்டர் பங்களாக்களைப் பற்றித் தாத்தாக்கள் சொன்ன அதே பங்காதான்.

1904-இல் பிராஸ் பாசா பகுதியும் சேர்ந்தது. பெரிய ஹோட்டல் என்ற பெயர் நிலைத்தது.

எழுத்தாளர் கிப்ளிங் புகழ்ந்து எழுதினாராமே?

பாதி உண்மை. கிப்ளிங் 1889-இல் சிங்கப்பூர் வழியாகப் போனார். இந்த ஹோட்டலில் சாப்பாடு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு மோசம் அறைகள் என்பதுதான் அவர் எழுதியதன் சாரம். சாப்பாட்டுக்கு ராஃபிள்ஸ், தூக்கத்துக்கு ஹோட்டல் டி லா யூரோப் என்று பயணிகளுக்கு அறிவுரையும் சொன்னார். ஹோட்டல்காரர்கள் முன்பாதியை மட்டும் எடுத்து விளம்பரத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அவர் தூங்கப் பரிந்துரைத்த ஹோட்டல் இன்று இல்லை. 1930-களில் அதை இடித்துவிட்டு அங்கே உச்ச நீதிமன்றம் கட்டினார்கள். அந்தக் கட்டடம் இப்போது தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பகுதி.

பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் புலியைச் சுட்டார்களா?

மேசைக்கு அடியில் இல்லை, கட்டடத்துக்கு அடியில். 1902 ஆகஸ்டில் நடந்தது. பில்லியர்ட்ஸ் அறை தரையிலிருந்து உயர்த்தி, தூண்கள்மேல் கட்டப்பட்டிருந்தது. பக்கத்துக் காட்சிக் கூடாரத்திலிருந்து தப்பிய புலி அந்த இடைவெளிக்குள் புகுந்துகொண்டது. ராஃபிள்ஸ் பள்ளித் தலைமை ஆசிரியர் பிலிப்ஸை அழைத்துவந்தார்கள். அவர் சுட்டார். சிங்கப்பூரின் கடைசிப் புலி அதுதான் என்று சிலர் சொல்வது தவறு. காட்டில் திரிந்த கடைசிப் புலி சுடப்பட்டது 1930-இல், சுவா சூ காங் பக்கம்.

சிங்கப்பூர் ஸ்லிங் இங்கேதான் பிறந்ததா?

ஹோட்டல் சொல்லும் கணக்குப்படி 1915-இல், ஙியாம் தொங் பூன் என்ற ஹைனானிய மதுக்கூட ஊழியர் கலந்து தந்த பானம் அது. ஆண்டையும் முதல் செய்முறையையும் பற்றி வாதங்கள் உண்டு. அன்னாசிச் சாறும் செர்ரி மதுவும் சேர்வதால் பழரசம் போன்ற இளஞ்சிவப்பு நிறம். பெண்கள் வெளிப்படையாக மது அருந்தக் கூடாது என்றிருந்த காலத்தில் பழரசம்போலத் தோன்றும்படி செய்தார் என்பது ஹோட்டலில் சொல்லும் கதை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்த ஹோட்டலில் தங்கிய பிரபுக்களின் பெயர்களைவிட, மேசைக்குப் பின்னால் நின்ற ஒரு ஹைனானியரின் பெயர் உலகம் முழுக்கத் தெரிகிறது. அது நியாயமான புகழ்.

போர்க் காலத்தில் என்ன ஆயிற்று?

அதற்கு முன்பே ஒரு வீழ்ச்சி வந்துவிட்டது. டிக்ரன் 1912-இல் இறந்தார். உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழ, தோட்ட முதலாளிகளை நம்பியிருந்த ஹோட்டலும் விழுந்தது. 1931-இல் சார்க்கீஸ் நிறுவனம் திவாலானது. 1933-இல் ராஃபிள்ஸ் ஹோட்டல் லிமிடெட் என்ற புது நிறுவனம் பொறுப்பேற்றது.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. ஊருக்கு சியோனான் என்று பெயர் வைத்தவர்கள் ஹோட்டலுக்கும் சியோனான் ரியோகான் என்று பெயர் மாற்றினார்கள். எதிரி வருமுன் ஊழியர்கள் வெள்ளிப் பாத்திரங்களை எடுத்துப் பாம் கோர்ட் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். இறைச்சி பரிமாற மேசைமேசையாகத் தள்ளிப்போகும் பெரிய வெள்ளி வண்டியும் அதில் சேர்த்தி. போர் முடிந்து தோண்டியபோது அது மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது. முதலாளி திவாலாகிப் போன ஓர் இடத்தின் பாத்திரத்தைக் காக்க, குண்டு விழும் நேரத்தில் மண்வெட்டி எடுத்தவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் நெகிழ்கிறது.

1943 ஜூலையில் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்ட படாங் திடல், இங்கிருந்து நடக்கிற தூரம். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அந்த வரிசைகளில் நின்றார்கள். போர் முடிந்த பின், விடுவிக்கப்பட்ட போர்க் கைதிகள் ஊர் திரும்பும்வரை தங்கும் முகாமாகச் சில காலம் இந்த ஹோட்டல் இருந்தது.

பிறகு ஏன் புதுப்பிக்க வேண்டி வந்தது?

ஊர் வளர்ந்தது, ஹோட்டல் தளர்ந்தது. எதிரே இருந்த ராஃபிள்ஸ் பள்ளி இடம் மாறிப்போக, அந்த மனையில் 1986-இல் ராஃபிள்ஸ் சிட்டி வளாகம் வந்தது. அதிலிருந்த 73 மாடி ஹோட்டல் அன்றைக்கு உலகிலேயே உயரமானது. அதன் நிழலில் இந்தப் பழைய கட்டடம், பல காலத்து ஒட்டுகளோடும் வண்ணப் பூச்சுகளோடும் நின்றது. இடித்துவிட்டுக் கோபுரம் எழுப்பினால் லாபம் என்று கணக்குப் போடுவது கடினமில்லை. இதே ஊரிலிருந்த பழைய அடெல்ஃபி ஹோட்டலை அப்படித்தான் இடித்தார்கள்.

ராஃபிள்ஸைக் காப்பாற்றியது 1987. நூற்றாண்டு நிறைந்த அந்த ஆண்டில் அரசு அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. இடிக்க முடியாது என்று ஆன பிறகுதான் எப்படிக் காப்பது என்ற பேச்சே தொடங்கியது.

1989-இல் என்ன செய்தார்கள்?

1989 மார்ச்சில் மூடி, 1991 செப்டம்பர் 16 அன்று மீண்டும் திறந்தார்கள். செலவு 16 கோடி வெள்ளி. சிங்கப்பூர் டாலரை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம். அறைகள் எல்லாமே வரவேற்பறையோடு கூடிய பெரிய அறைகளாக மாறின.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பழையபடி ஆக்குவோம் என்று சொல்வது எளிது. எந்தப் பழையபடி? 1887-இன் பங்களாவா? அது 1899-இலேயே போய்விட்டது. 1899-இன் மாளிகையா? அப்போது பிராஸ் பாசா பகுதியே கிடையாது. 1930-களின் நடன இரவுகளா? ஒவ்வொரு பத்தாண்டிலும் அந்தக் கட்டடம் வேறொரு கட்டடமாக இருந்திருக்கிறது. ஆகவே ஏதோ ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அவர்கள் தேர்ந்தெடுத்தது 1915.

அந்த முடிவின் அருமையும் அநியாயமும் ஒரே இடத்தில், வாசலிலேயே தெரிகிறது. கார் வந்து நிற்கும் இடத்தில் வார்ப்பிரும்புத் தூண்களோடு நேர்த்தியான முகப்புப் பந்தல் ஒன்று இருக்கிறதே, அது 1913-இல் அமைக்கப்பட்ட பந்தலின் மறுபிறப்பு. முதல் பந்தலைச் சில ஆண்டுகளிலேயே எடுத்துவிட்டு, அங்கே பெரிய நடனக்கூடம் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். கீழைநாடுகளிலேயே சிறந்த நடனக்கூடம் என்று பெயர் வாங்கியது அது. 1920-களிலும் 30-களிலும் சிங்கப்பூரின் இரவு வாழ்க்கையே அங்கேதான். 1915-க்குத் திரும்புவது என்று முடிவானதும் நடனக்கூடம் காலக்கணக்குக்கு வெளியே போய்விட்டது. இடித்தார்கள். பழைய வரைபடங்களைப் பார்த்துப் பந்தலை மீண்டும் வார்த்து நிறுத்தினார்கள்.

பந்தல் அழகு, மறுக்கவில்லை. முகப்பு முழுதாகக் கண்ணில் படுவதும் அதனால்தான். ஆனாலும் எழுபது ஆண்டு உண்மையாகவே நின்ற ஒன்றை எடுத்துவிட்டு, சில ஆண்டுகளே நின்ற ஒன்றின் நகலை வைத்ததை என்னால் முழு மனத்தோடு ஏற்க முடியவில்லை. அங்கே ஆடியவர்களின் காலமும் இந்தக் கட்டடத்தின் வரலாறுதானே.

அப்படியானால் 1991 வேலை மோசம் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. அது இல்லாவிட்டால் கட்டடமே மிஞ்சியிருக்காது. படிப்படியாக ஏறியிருந்த பூச்சுகளைச் சுரண்டி அடியில் இருந்த மரத்தையும் சுதை அலங்காரத்தையும் வெளிக்கொண்டுவந்தார்கள். பழைய புகைப்படம், சாப்பாட்டுப் பட்டியல், பெட்டிகளில் ஒட்டும் சீட்டு, வெள்ளிக் கரண்டி என்று ஹோட்டலின் பழம்பொருள்களை உலகெங்கும் தேடிச் சேர்த்தார்கள். அந்தத் தேடல் பெரிய சேவை.

எனக்கு உறுத்துவது நார்த் பிரிட்ஜ் ரோடு பக்கம் அப்போது புதிதாகக் கட்டிச் சேர்த்த கடைத்தொகுதி. பழைய பாணியிலேயே கட்டியதால் எது 1904, எது 1991 என்று வழிப்போக்கருக்குப் புரியாது. ஹோட்டலின் புகழ்பெற்ற மதுக்கூடமான லாங் பார் இன்று இருப்பதும் அந்தத் தொகுதிக்குள்தான். ஙியாம் தொங் பூன் நின்ற தரை அது என்று நினைத்துக்கொண்டு படம் எடுப்பவர்கள் பலர். புதியதைப் புதியதாகவே காட்டியிருந்தால் பழையதன் மதிப்பு இன்னும் கூடியிருக்கும்.

பழைய சுவரைப் புதுப்பிப்பதில் அப்படி என்ன கடினம்?

சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி மெல்ல வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினாலோ, காற்றுப் புகாத வண்ணம் அடித்தாலோ ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் உப்புப் பூத்து உதிரத் தொடங்கும். சிங்கப்பூர்போல ஆண்டு முழுதும் மழை பெய்யும் ஊரில் இது சீக்கிரம் நடக்கும். குளிர்சாதனம் வேறு. குளிர்ந்த அறைக்கும் வெக்கையான வராந்தாவுக்கும் நடுவில் அகப்படும் சுவர் வியர்க்கும். மின்கம்பி, தண்ணீர்க் குழாய், தீயணைப்புக் குழாய் எல்லாவற்றையும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே கொண்டுபோகவும் வேண்டும்.

இதைக் கையால் உணர வேண்டுமானால் சற்றே நடந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு வாருங்கள். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் 1850-களில் கட்டத் தொடங்கிய தேவாலயம் அது. உட்சுவருக்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணம். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை மூன்றையும் அரைத்துக் கூழாக்கி, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் கலந்து பூசி, காய்ந்ததும் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பழகிய என் அத்தை அந்தச் சுவரில் கை வைத்ததும், "நம்ம வீட்டுச் சுவர் மாதிரியே குளுகுளுன்னு இருக்கே" என்றார். உள்ளங்கையை எடுக்க அவருக்கு மனமே வரவில்லை.

2017-இல் மறுபடியும் ஏன் மூடினார்கள்?

முதல் புதுப்பிப்பு முடிந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் வயது உண்டு. 2017 தொடக்கத்தில் பகுதி பகுதியாக வேலை ஆரம்பித்து, அந்த ஆண்டு டிசம்பரில் முழுவதும் மூடி, 2019 ஆகஸ்டில் திறந்தார்கள். உள்ளலங்காரம் அலெக்ஸாண்ட்ரா ஷாம்பலிமோ குழுவினுடையது. அறைகள் 115 ஆயின. 1991-இல் நாடக அரங்காகக் கட்டிய ஜூபிலி ஹால் விருந்துக் கூடமாக மாறியது. இப்போதைய உரிமையாளர் கத்தாரின் கட்டாரா நிறுவனம். நடத்துவது பிரான்சின் அக்கோர்.

இந்த முறை ஏதோ ஓர் ஆண்டுக்கு ஓடவில்லை. இருப்பதைச் சீர்செய்தார்கள், உள்ளே வசதிகளைச் சேர்த்தார்கள். எனக்கு அந்த அடக்கம் பிடித்திருந்தது. அரங்கம் போனதில் மட்டும் வருத்தம்: டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் உள்ளே போகக்கூடிய ஓர் இடம் குறைந்தது.

தங்காமல் சும்மா போய்ப் பார்க்கலாமா?

பார்க்கலாம். பிரதான கூடம் தங்குபவர்களுக்கும் உணவுக்கு முன்பதிவு செய்தவர்களுக்குமானது. கடைத்தொகுதியும் அதைச் சுற்றிய நடைபாதைகளும் எல்லோருக்கும் திறந்தவை. சிட்டி ஹால், எஸ்பிளனேட் இரண்டு பெருவிரைவு ரயில் நிலையங்களிலிருந்தும் நடந்தே வரலாம். வாசலில் தலைப்பாகையோடு நிற்கும் சீக்கியக் காவலருடன் படம் எடுத்துக்கொள்ளப் பலரும் நிற்பார்கள். கேட்டுவிட்டு எடுங்கள், அவர் வேலையில் இருக்கிறார்.

லாங் பாரில் ஒரு கோப்பை ஸ்லிங் முப்பது வெள்ளிக்கு மேல். மது அருந்தாதவர்களுக்கு மது சேராத பானங்களும் உண்டு. மேசைக்கு மேசை தோலோடு வறுத்த வேர்க்கடலை வைத்திருப்பார்கள். தின்றுவிட்டுத் தோலைத் தரையில் போட வேண்டும், அதுதான் அங்கே மரியாதை. காகிதத் துண்டைத் தரையில் போட்டாலே அபராதம் விதிக்கும் ஊரில் இது வேடிக்கையான விதிவிலக்கு. சித்தப்பா முதல் தோலைப் போடுமுன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் காலுக்கடியில் மொறுமொறுவென்று சத்தம். தலைக்கு மேலே பனையோலை வடிவ விசிறிகள் வரிசையாக, ஒன்றாக முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தன. "இதை யார் இழுக்கிறார்கள்?" என்று கேட்டார். மோட்டார் என்றேன். நிமிர்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய தாத்தா, கலெக்டர் பங்களாவில் பங்கா இழுத்தவர்.